இரண்டு படங்களுக்கு நடுவில்

1

உடம்பு இளைப்பதைப் பற்றிச் சொல்ல உலகத்துக்கு ஒரே ஒரு கதை வடிவம்தான் தெரியும். இரண்டு படம். இடதுபக்கம் ஒரு ஆள், மங்கலான வெளிச்சம், தொளதொளப்பான டீஷர்ட், சிரிப்பில்லாத முகம். வலதுபக்கம் அதே ஆள், பளிச்சென்ற வெளிச்சம், தன்னுடைய பழைய பேண்ட்டுக்குள் நின்றுகொண்டு இடுப்புத் துணியை முன்னால் இழுத்துக் காட்டுகிறார். கீழே இரண்டு எண்கள். முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. நடுவில் ஒரு அம்புக்குறி.

சென்னையில் மேம்பாலத் தூணில் ஒட்டியிருக்கும் கிளினிக் விளம்பரத்தில் இருந்து அமெரிக்க டிவி வரைக்கும் இதுதான் இலக்கணம். இந்த வடிவத்தை ஒரு விமர்சகராகப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் புரியும். காலத்தை முழுசாகத் தூக்கி எறிந்துவிடுகிறது. பதினெட்டு மாதமோ மூன்று வருடமோ, எல்லாம் ஒரு அம்புக்குறிக்குள் போய்விடுகிறது. ஒரு நாவலின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதைக் கிழித்துப்போட்ட மாதிரி.

நடுவில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏழாவது மாதத்தில், எட்டாவது மாதத்தில், வெயிட் மெஷினில் தினமும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எந்தக் கதை இருக்கிறது? இரண்டு படத்தில் எதிலும் அவர் இல்லை. முதல் படத்தில் இருந்து கிளம்பிவிட்டார், இரண்டாவது படத்துக்கு வந்து சேரவில்லை. அந்த வடிவம் தெரிந்த உலகத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: தோற்றவர்.

இதை நான் வெளியே நின்று எழுதவில்லை. 134 கிலோவில் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முதல் ஆறு மாதம் மடமடவென்று இறங்கியது. ஏழாவது மாதம் 107-இல் நின்றது. ஏழு வாரம் அசையவில்லை. ஒரு கல்யாணத்தில் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏண்டா, ஆபரேஷன் எல்லாம் பண்ணியும் இவ்வளவுதானா?” என்றார். பாசமாகத்தான் கேட்டார். அவர் மனதிலும் அந்த இரண்டு படம்தான் இருந்தது.

அந்த ஏழு வாரத்தில் இந்த விஷயம் குறித்து எழுதப்பட்டவற்றைத் தேடித்தேடிப் படித்தேன். டயட் புத்தகங்களை அல்ல, எழுத்தாளர்கள் எழுதியவற்றை. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

2

முதலாவது ரொக்ஸேன் கே. ஹைத்தியில் இருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 1974-இல் நெப்ராஸ்காவில் பிறந்தவர். 2014-இல் வந்த ‘பேட் ஃபெமினிஸ்ட்’ கட்டுரைத் தொகுப்பு மூலம் பரவலாக அறியப்பட்டவர். 2017-இல் வெளிவந்த ‘ஹங்கர்’ அவருடைய உடம்பின் சரித்திரம். பன்னிரண்டு வயதில் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். யாரிடமும் சொல்லவில்லை. இனி யாரும் தன்னை நெருங்கக் கூடாது என்று சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பை ஒரு கோட்டையாகக் கட்டினார். அந்தக் கோட்டையின் உச்சபட்ச எடை 577 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 262 கிலோ.

இந்தப் புத்தகத்தின் முக்கியமான முடிவு ஆரம்பத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. இது வெற்றிக்கதை இல்லை, பழைய பேண்ட்டின் ஒரு காலுக்குள் ஒல்லியாக நிற்கும் என் படம் அட்டையில் வராது என்று வாசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அட்டையில் உண்மையிலேயே அவர் இல்லை, ஒரு ஃபோர்க்தான் இருக்கிறது. இரண்டு பட இலக்கணத்தைத் தெரிந்தே மறுக்கும் புத்தகம் இது.

அப்படி மறுத்தபின் அவருக்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. எங்கே போகிறோம் என்ற கவலை இல்லாமல் எங்கே இருக்கிறோம் என்று எழுத முடிகிறது. நாற்காலிகளைப் பற்றி இந்தப் புத்தகம் சொல்வதை வேறெங்கும் நான் படித்ததில்லை. ஹோட்டலுக்குப் போகுமுன் அங்கே உள்ள நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது. ஒரு மேடையில் உட்கார்ந்ததும் நாற்காலி விரிசல் விடும் சத்தம் கேட்க, நிகழ்ச்சி முடியும் வரை தன் எடையைத் தொடையிலேயே தாங்கிக்கொண்டு உட்காராமல் உட்கார்ந்திருப்பது. பிளாஸ்டிக் நாற்காலியில் பாதி எடையை மட்டும் இறக்கி உட்காரப் பழகிய எவருக்கும் அந்தப் பக்கங்கள் தொடையில் வலிக்கும்.

புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனைக் காட்சி வருகிறது. இருபதுகளின் இறுதியில், தந்தையோடு ஃப்ளோரிடாவில் உள்ள கிளீவ்லேண்ட் கிளினிக்குக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறார். செலவு 25,000 டாலர். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று வந்துவிடுகிறார். தன் உடம்பை வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டிய ஒன்றாகப் பார்க்கும் பார்வையில் இருந்து எழுந்து வெளியே நடந்த கதையாகவே பலரும் ‘ஹங்கர்’ஐ வாசித்தார்கள்.

பிறகு 2018 ஜனவரியில் அவர் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

அதே வருடம் ஏப்ரலில், இருபதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களைக் கொண்டு ‘அன்ரூலி பாடீஸ்’ என்ற தலைப்பில் உடம்பைப் பற்றிய ஒரு கட்டுரை வரிசையை நடத்தியபோது, ‘வாட் ஃபுல்னஸ் இஸ்’ என்ற கட்டுரையில் அதை அவரே சொன்னார். என்னைப் பொறுத்தவரை ‘ஹங்கர்’ஐ விட இது துணிச்சலான எழுத்து. ‘ஹங்கர்’ அவரைக் காயப்படுத்திய உலகத்துக்கு எதிராக நின்றது. இந்தக் கட்டுரை அவரை நேசித்த வாசகர்கள் முன்னால் நிற்கிறது. அந்தப் புத்தகத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்களோ, சுலபமான வழியைத் தேடிக்கொண்டாள் என்பார்களோ என்ற பயத்தை மறைக்காமல் எழுதுகிறார். குண்டான உடம்பை ஏற்கச் சொல்லும் அரசியலில் நம்பிக்கை இருக்கிறது, ஆனாலும் உலகத்தின் பார்வையைத் தினமும் சுமந்து சலித்துவிட்டது, இரண்டுமே உண்மை என்கிறார். தன் கொள்கைக்கும் தன் முழங்காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளை இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

சாப்பாடு என்ற ஒரே ஆறுதலை அறுவை சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு வரும் துக்கத்தையும் அவர் எழுதுகிறார். இதை எந்த மருத்துவமனைக் கையேடும் அழுத்திச் சொல்வதில்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். வயிறு சின்னதாகிவிட்டது. மனசின் பசி அதே சைஸில்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும் கை தானாக ஃப்ரிட்ஜ் பக்கம் போகும். திறந்து பார்த்துவிட்டு மூடுவதைத் தவிர அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

ஆனாலும் இந்தக் கட்டுரை மேல் எனக்கு ஒரு குறை உண்டு. தேதிகளைப் பாருங்கள். ஜனவரியில் அறுவை சிகிச்சை, ஏப்ரலில் கட்டுரை. நடுவில் ஏறத்தாழ மூன்று மாதம். எடை வேகமாக இறங்கும் மாதங்கள் அவை. முடிவெடுப்பதன் வலியை, இழப்பின் முதல் அதிர்ச்சியை அந்தக் கட்டுரை பிடித்துவிட்டது. நீண்ட, மெதுவான, எதுவுமே நடக்காத மாதங்கள் தொடங்கும் முன்பே அது முடிந்துவிடுகிறது. இது கேயின் தவறு அல்ல. அன்றைக்கு எழுத முடிந்ததை எழுதினார். ஆனால் ஏழாவது மாதத்தில் இருந்து வாசிப்பவருக்கு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நண்பர் பாதியில் ஃபோனை வைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

3

அந்த மெதுவான மாதங்களில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கதை வடிவத்தின் பொய்யைப் பிடிக்க முடியாது.

சூடான காபி டம்ளரை மேஜையில் வைத்தால் முதல் சில நிமிடத்தில் சூடு சட்டென்று குறையும். பிறகு மெதுவாக. அறையின் வெப்பநிலையை நெருங்க நெருங்கக் குறையும் வேகமே தெரியாது. காபி சோம்பேறியாகிவிட்டது என்று யாரும் திட்டுவதில்லை. இடைவெளி குறையக் குறைய வேகமும் குறைவது அதன் இயல்பு. உடம்பு காபி அளவுக்கு எளிமையானது இல்லை என்றாலும் வரைபடம் கிட்டத்தட்ட இந்த வடிவம்தான்.

முதல் வாரங்களில் இறங்கும் எடையில் ஒரு பெரும் பங்கு தண்ணீர். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது கரைய, தண்ணீரும் சேர்ந்து போகிறது. வெயிட் மெஷின் கைதட்டுகிறது. பிறகு உடம்பு சமநிலைக்கு வரும்போது எண் நின்றுவிடும். பலருக்கு மூன்றாவது வாரத்திலேயே இந்த முதல் தேக்கம் வந்துவிடும். அடுத்ததாக, 134 கிலோவைச் சுமந்து நடக்க ஆகும் சக்தி 107 கிலோவுக்குத் தேவைப்படாது. சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. அதே சாப்பாடு இப்போது முன்பு கொடுத்த பற்றாக்குறையைக் கொடுக்காது. இதற்கும் மேலே, எடை குறைவதைப் பஞ்சம் என்று புரிந்துகொள்ளும் உடம்பு தன் செலவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தைத் துல்லியமாகக் காட்டியது ஒரு டிவி ஷோ என்பதுதான் வேடிக்கை. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கப் போட்டியில் 2009-இல் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு மறுபடி பரிசோதித்தது. முடிவுகள் 2016-இல் வந்தன. போட்டியின்போது சராசரியாக 58 கிலோ இழந்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியம், சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடையுள்ளவர்களுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருடம் கழித்தும். இரண்டாவது படத்தை எடுத்துவிட்டு கேமராக்காரர்கள் போய்விட்டார்கள். உடம்பு போகவில்லை.

அறுவை சிகிச்சை இந்த விளையாட்டை ஓரளவு மாற்றுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியை ஸ்லீவில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். குடலில் இருந்து போகும் போதும் என்ற சைகையும் பலமாகிறது. அதனால்தான் டயட்டைவிட இது நீடிக்கிறது. ஆனாலும் கோடு தரையைத் தொடும்வரை இறங்கிக்கொண்டே இருக்காது. 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவர்களின் எடை ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்து, பிறகு கொஞ்சம் ஏறி, பத்து வருடத்தில் 25 சதவீதக் குறைவில் நின்றது. வேறு வகை அறுவை சிகிச்சைகளில் அது 16 சதவீதம், 14 சதவீதம். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அதே ஆய்வு 2007-இல் சொன்ன இன்னொரு விஷயம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் இறப்பு குறைந்திருந்தது. 134-இல் 25 சதவீதம் போனால் 100. நூறு கிலோ ஆளை எந்த விளம்பரத்திலும் வலதுபக்கம் நிற்க வைக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார்.

இப்போது பேசப்படும் வாராந்திர ஊசியிலும் கதை வேறில்லை. செமாக்ளூடைட் பற்றி 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி குறைவு சுமார் 15 சதவீதம். அங்கேயும் கோடு முதலில் சரிந்து, பிறகு சமதளமாகிறது.

4

மென்பொருள் வேலையில் பழகிப்போன ஒரு பாடம், தப்பான அளவுகோலை டாஷ்போர்டில் வைத்தால் நன்றாக ஓடும் சிஸ்டம்கூட சிவப்பாகத் தெரியும் என்பது. பேரியாட்ரிக் உலகத்தின் டாஷ்போர்டில் அப்படி ஒரு எண் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறது. மிகை எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்ற கணக்கு அது. அதாவது உங்கள் எடையில் இருந்து உங்கள் ‘சரியான’ எடையைக் கழித்தால் வருவது மிகை. அதில் பாதியாவது போனால் வெற்றி. போகாவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை.

அந்தச் ‘சரியான’ எடை எங்கிருந்து வந்தது? மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940-களில் இருந்து வெளியிட்ட உயர-எடை அட்டவணைகளில் இருந்து. யாருக்கு பாலிசி கொடுத்தால் நஷ்டம் வராது என்று கணக்குப் போட்டவர்களின் அட்டவணை, ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து, அங்கிருந்து நம் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது. பிறகு பல இடங்களில் பிஎம்ஐ 25 என்பதை அந்த இடத்தில் வைத்தார்கள்.

என் உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்பது சுமார் 77 கிலோ. அப்படியானால் என் மிகை 57 கிலோ. 107-இல் நிற்கும்போது 27 கிலோ குறைந்திருக்கிறது. கணக்குப்படி 47 சதவீதம். ஃபெயில். அதே 27 கிலோவை மொத்த எடையில் கணக்கிட்டால் 20 சதவீதம். உடம்பின் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. என் உயரமே உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 110 கிலோ, இன்னொருவர் 190 கிலோ. இரண்டு பேருக்கும் மொத்த எடையில் சரியாகக் கால்பங்கு குறைகிறது. முதலாமவர் 27.5 கிலோ இழந்து, மிகையில் 83 சதவீதம் என்று டிஸ்டிங்ஷன் வாங்குகிறார். இரண்டாமவர் 47.5 கிலோ இழந்து, 42 சதவீதம் என்று ஃபெயில் ஆகிறார். யாருக்கு சிகிச்சை அதிகம் தேவைப்பட்டதோ, யார் அதிகம் சுமந்தாரோ, அவரையே அந்த எண் தோற்கடிக்கிறது. மருத்துவ இதழ்களில் இப்போது மொத்த எடைச் சதவீதத்தைப் பயன்படுத்துவது அதிகமாகியிருக்கிறது. ஆனால் பெரியம்மா முதல் பக்கத்து சீட் நண்பர் வரை எல்லார் மனசிலும் ஓடுவது பழைய கணக்குதான்: போக வேண்டியதில் எவ்வளவு போச்சு?

இன்னொரு விஷயத்தையும் இந்த டாஷ்போர்டு மறைக்கிறது. அமெரிக்காவில் ஆறு மையங்களில் 2,458 பேரை வைத்து நடந்த ஆய்வின் மூன்று வருட முடிவுகள் 2013-இல் வந்தன. ஒரே சிகிச்சை செய்துகொண்டவர்களின் எடைக் கோடுகளே ஐந்து விதமாகப் பிரிந்தன. சிலருக்கு செங்குத்தாக இறங்கியது, சிலருக்கு மெதுவாக இறங்கிச் சீக்கிரமே நின்றது. சராசரி என்பது இந்த ஐந்தையும் கலக்கி வடிகட்டிய ஒரு கோடு. அந்தச் சராசரியையும் விட்டுவிட்டு, ஐந்தில் மிகச் சிறந்த கோட்டில் இருந்து ஒரு ஆளை எடுத்துத்தான் தூணில் ஒட்டுகிறோம்.

5

இனி இரண்டாவது எழுத்தாளர். டாமி டாம்லின்சன், வட கரோலினாவில் வசிக்கும் பத்திரிகையாளர். 2014-ஆம் வருடத்தின் கடைசி நாளில் வெயிட் மெஷினில் ஏறுகிறார். 460 பவுண்டு, அதாவது சுமார் 209 கிலோ. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அவருடைய அக்கா, எடையோடு தொடர்புடைய ஒரு நோய்த்தொற்றில் இறந்திருக்கிறார். 2019-இல் வந்த ‘தி எலிஃபண்ட் இன் த ரூம்’ அடுத்த ஒரு வருடத்தின் கதை.

டாம்லின்சன் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. அவர் வழி ரொம்ப சாதாரணம்: சாப்பிடுவதை எண்ணு, எரிப்பதை எண்ணு, முதல் எண் இரண்டாவதைத் தாண்டாமல் பார்த்துக்கொள். எழுத்திலும் கேயின் கூர்மை கிடையாது. நகைச்சுவை சில இடங்களில் தன்னையே முந்திக்கொண்டு கேலி செய்துகொள்ளும் குண்டுப் பையனின் பழைய தற்காப்பாகத் தெரிகிறது. அந்தத் தற்காப்பை இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம். பர்கரையும் பொரித்த கோழியையும் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் ஒரு கவிஞர்.

ஆனால் வடிவத்தில் அவர் கேயால் முடியாத ஒன்றைச் செய்திருக்கிறார். புத்தகம் மாதம் மாதமாக நகர்கிறது. மாத இறுதியில் ஒரு சின்னக் கணக்கு வரும். போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. மளிகைக்கடை நோட்டு மாதிரி. அந்த வித்தியாசங்கள் சின்னவை. 209 கிலோவில் தொடங்கிய ஒருவரின் புத்தகத்தில் வாசகர் எதிர்பார்க்கும் பெரிய சரிவு வரவே வராது. முதலில் எனக்குச் சலிப்பாக இருந்தது. ஐந்தாறு மாதம் போனபின் அந்தச் சலிப்புதான் புத்தகத்தின் விஷயம் என்று புரிந்தது. அக்காவின் சாவு, மனைவியோடு நடை, அப்பா அம்மாவின் வறுமை, பத்திரிகை வேலை, எல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது. ஓரத்தில் அந்த எண் துளித்துளியாகக் குறைகிறது. மெதுவாக இளைப்பது உண்மையில் இப்படித்தான் இருக்கும். வாழ்க்கை பெரிய எழுத்தில் ஓடும், எடை அடிக்குறிப்பில் ஓடும்.

இதோடு ‘மை சிக்ஸ் ஹண்ட்ரட் பவுண்ட் லைஃப்’ஐ ஒப்பிடலாம். டிஎல்சி சேனலில் 2012-இல் தொடங்கிய தொடர். ஹியூஸ்டனில் உள்ள டாக்டர் நவ்சரதான்தான் அதில் ஹீரோ, நீதிபதி எல்லாம். முதல் சீசன் நான்கு பேரை ஏழு வருடம் பின்தொடர்ந்தது. அதில் காலம் என்ற ஒன்று இருந்தது. இறங்கி, நின்று, ஏறி, மறுபடி முயன்று போகும் மனிதர்கள் இருந்தார்கள். பிறகு தொடர் ஹிட்டானதும் ஒரு ஆள், ஒரு வருடம், ஒரு எபிசோட் என்று ஒரு அச்சுக்குள் போய்விட்டது. குளியலறைக் காட்சி, ஹியூஸ்டனுக்கு நீண்ட கார் பயணம், மெஷினில் எண், டாக்டரின் அதட்டல். திரையில் மாதங்களின் எண்கள் வரிசையாக வரும், ஆனால் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று தெரியாது. எண் குறைந்திருந்தால் அவர் நல்லவர். குறையவில்லையென்றால் பொய் சொல்கிறார். மெதுவாகக் குறைவது அங்கே குணக்கேடு. நான் சொல்லும் இரண்டு பட இலக்கணத்துக்குக் கேமரா கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

6

தமிழில் ஒரு சொல் இருக்கிறது. இந்த மாதங்களில் அது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. இளைத்தல். மெலிவது என்றும் பொருள், களைத்துப்போவது என்றும் பொருள். மூச்சு வாங்கினால் இளைப்பு. களைப்பு தீர உட்கார்ந்தால் இளைப்பாறுதல். நம் பாட்டிகள் “என்னடா இப்படி இளைச்சுட்டே” என்று கேட்டபோது அது பாராட்டு இல்லை, கவலை. “உடம்பு தேறிடுச்சு” என்றால்தான் சந்தோஷம். பசியை நேரில் பார்த்த தலைமுறையின் மொழி அது. இன்றைக்கு “இளைச்சுட்டே” என்று சொன்னால் ஆள் பூரித்துப்போகிறார். ஒரே சொல், ஐம்பது வருடத்தில் கவலையில் இருந்து பாராட்டாகப் புரண்டுவிட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் களைப்பை மட்டும் யாரும் வெளியே எடுக்கவில்லை. கேயின் கட்டுரையில் உலகத்தின் பார்வையைச் சுமந்து சலித்தவரைப் பார்த்தோமே, அவர் தமிழில் பேசியிருந்தால் இளைத்துப்போய்த்தான் இளைக்க முடிவெடுத்தேன் என்றிருக்கலாம்.

தமிழ்ப் படைப்புகளில் இதற்கு இடமே இல்லையா? நினைவுக்கு வருவது 2015-இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’. அனுஷ்கா அதற்காக உண்மையிலேயே எடை கூட்டினார். திடீர் ஸ்லிம் சென்டர்களின் மோசடியை அந்தப் படம் தாக்கியது, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் அதன் உலகத்தில் இரண்டு வழிதான்: ஒன்று, ஏமாற்று வழியில் இளைப்பது. இன்னொன்று, உன்னை நீயே ஏற்றுக்கொள்வது. மருத்துவக் காரணத்துக்காக, முழு அறிவோடு, பயத்தோடு, மெதுவாக இளைத்துக்கொண்டிருக்கும் ஆள் அங்கேயும் இல்லை.

எழுத்தில் இந்த ஆள் இல்லாமல் போனால் என்ன நஷ்டம்? நிறைய. தேக்கம் வந்ததும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுபவர் முதலில் செய்வது டாக்டரைப் பார்க்கப் போவதை நிறுத்துவது. வெட்கம். போய் என்ன எண்ணைக் காட்டுவது? ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் காலமெல்லாம் கண்காணிக்கப்பட வேண்டியவை. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். வெட்கத்தில் அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடுபவர் எடையைவிடப் பெரியதைத் தவறவிடுகிறார். ஒரு மோசமான கதை வடிவம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரைக்கும் வந்து கை வைக்கும்.

எனவே இந்த மாதங்களைக் கடக்க எனக்கு உதவியது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். டாம்லின்சனின் நோட்டு. அதில் ஒரு மாற்றம் மட்டும் செய்துகொண்டேன். எடைக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு வரி. மற்ற வரிகளில் வேறு கணக்குகள். மூன்று மாதச் சர்க்கரை அளவு. மெட்ரோ ஸ்டேஷன் படியில் எத்தனையாவது படியில் மூச்சு வாங்கியது. ராத்திரி மூச்சு நிற்காமல் இருக்க முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்கிய மெஷின் எத்தனை நாளாக பரண் மேல் இருக்கிறது. ஷூ லேஸைக் குனிந்து கட்டினேனா, உட்கார்ந்து கட்டினேனா. எடை நின்றுபோயிருந்த ஏழு வாரத்தில் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. வெயிட் மெஷினுக்கு அது தெரியாது. எட்டாவது வாரத்தில் எண் 106.4 ஆனது. சந்தோஷம்தான். ஆனால் நோட்டில் அந்த வாரத்தின் நல்ல வரி அது இல்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நகர்ந்து உட்காரவில்லை என்பதுதான்.

நான் படித்த வரையில் இன்னும் எழுதப்படாத ஒரு புத்தகம் இருக்கிறது. கேயின் நேர்மையும் டாம்லின்சனின் பொறுமையும் சேர்ந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் தொடங்காமல் ஏழாவது மாதத்தில் தொடங்குவது. அதில் பெரிய சம்பவங்கள் இருக்காது. ஒரு ஆள் இட்லியை நான்காகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் நிதானமாக மென்றுகொண்டிருப்பார். சுற்றி இருப்பவர்கள் எண் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கு நாவலாசிரியர் தேவை, டயட்டீஷியன் போதாது. தமிழில் யாராவது எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் இளைத்தல் என்ற சொல்லின் இரண்டு பொருளும் நம்மிடம்தான் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அதுவரைக்கும், இப்போது அந்த நடுவில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு: ‘வாட் ஃபுல்னஸ் இஸ்’ஐ முதலில் படியுங்கள், ஒரே மூச்சில். அதன்பின் டாம்லின்சனை எடுங்கள், மாதத்துக்கு ஒரு அத்தியாயம் வீதம் மட்டும். முடிக்க ஒரு வருடம் ஆகும். அவசரமில்லை.